முறையீடும் புறங்கூற்றும்

பொது ஊழியர் ஒருவரின் தனிவாழ்வைக் குறித்து முறையிடும் உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அரசுப் பள்ளி ஆசிரியரும் பொது ஊழியரே ஆதலின், இவ்வினா வகுப்பறைக்கும் நெருக்கமானது.

தமிழில் 'முறை' என்பதற்கு நீதி என்பதும் ஒரு பொருள். நீதி வழங்கக் கடமைப்பட்டவர்முன் குறையை எடுத்துரைப்பதே முறையீடு. ஒருவர் இல்லாதவிடத்து அவரைப் பழித்துப் பேசுவது புறங்கூற்று. அதனைக் கடிந்து 'புறங்கூறாமை' என்றோர் அதிகாரத்தையே வள்ளுவர் அமைத்துள்ளார். பழிக்கப்பட்டவர் மறுமொழி கூற இடமுண்டா என்பதே இவ்விரண்டையும் பிரிக்கும் கோடு.

சிலப்பதிகாரத்தை இந்நோக்கில் பார்க்கலாம். பாண்டியன் அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்தது அவனது இல்லறச் செய்தி; அதைப் பற்றி ஊரார் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அவ்விரைவில், ஆராயாமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டதோ அரசச் செயல். கண்ணகி வழக்குரைத்தது இவ்வாணையைக் குறித்தே. அவையில், மன்னன் முன்னிலையில், சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைச் சான்றாகக் காட்டினாள். மன்னனுக்கும் மறுமொழி கூற இடமிருந்தது. தனிவாழ்வு கடமையைத் தொடும் புள்ளியிலேயே முறையீடு பிறக்கிறது.

மலேசியாவின் 1993ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிமுறைகளிலும் இவ்வெண்ணத்தைக் காணலாம். சொத்து விவரம், வெளிவேலை, கடன் ஆகிய சொந்தச் செய்திகளை அவை தொடுகின்றன; கடமையைத் தன்னலத்திற்குக் கீழ்ப்படுத்தக் கூடாது என்பது அவற்றின் அடிப்படை. ஒருவரின் ஈடில்லாக் கடன்கள் மாத ஊதியத்தைப்போல் பத்து மடங்கைத் தாண்டினால் அது கடுமையான கடன்சுமையாகக் கருதப்படும். எனினும், தம் பங்கு ஏதுமின்றித் தவிர்க்கவியலாத இடரால் கடன்பட்டவரை விதி பழிப்பதில்லை. கடனுண்டு என்னும் செய்தி மட்டும் குற்றமாகாது என்பது இதனால் விளங்கும்.

பொதுச் சேவைக்கு இழுக்கு உண்டாக்கும் நடத்தையையும் அவ்விதிமுறைகள் தடுக்கின்றன. இத்தொடர் மிக விரிந்தது. அண்டை வீட்டாரின் மனக்கசப்பு, மணமுறிவு, உடை, நட்பு ஆகிய அனைத்தையும் 'இழுக்கு' என்று எழுதிவிடலாம். ஆகவேதான் விசாரணை முறை இன்றியமையாததாகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 135(2)ஆம் பிரிவின்படி, பொதுவாக, தம் தரப்பை எடுத்துரைக்க நியாயமான வாய்ப்பு அளிக்காமல் ஓர் ஊழியரைப் பணிநீக்கவோ பதவி இறக்கவோ இயலாது.

மொட்டைக் கடிதம் இவ்வாய்ப்பைக் குலைக்க வல்லது. மலாயில் அதனைச் 'சூராட் லாயாங்', அதாவது பறக்கும் கடிதம், என்பர். விசாரணைக்கு முன்பே அது ஊரெங்கும் பறந்துவிடும். பின்னர்க் குற்றமற்றவர் என்று முடிவானாலும், மாணவர்முன் ஆசிரியர் இழந்த மதிப்பு எளிதில் திரும்பாது. அஞ்சி மறைந்து எழுதுவோர்க்கு வேறு வழியும் உண்டு. 2010ஆம் ஆண்டுத் தகவலளிப்போர் பாதுகாப்புச் சட்டம், முறைகேட்டை உரிய அமலாக்க அமைப்பிடம் தெரிவிப்பவரின் அடையாளத்தைக் காக்கிறது. அறிந்தே பொய்யுரைத்தவர் அப்பாதுகாப்பை இழப்பார்.

தனிவாழ்வு என்னும் திரை எல்லாவற்றையும் மறைக்கும் என்பது இதன் பொருளன்று. குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையோ வீட்டினுள் நிகழும் வன்முறையோ குற்றமே. அங்கே வாய்மூடியிருத்தல் பண்பாகாது, தவறாகும்.

ஆகவே, முறையிடுமுன் மூன்று வினாக்களை எழுப்புவோமாக. இச்செயல் அவரது கடமையையோ பிறரது பாதுகாப்பையோ தொடுகிறதா? யான் நேரில் அறிந்தது எது, கேள்விப்பட்டது எது? விசாரிக்கும் பொறுப்புடையவரிடம்தான் சொல்கிறேனா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்குமாயின் தயங்காது முறையிடலாம். விடை கிடைக்காதெனின், நம் கையிலிருப்பது முறையீடன்று.