தந்தை முன்னே, தனயன் பின்னே

சென்ற கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் குன்னூருக்குப் பிரயாணமானோம். நம் எட்டு வயதுப் பெண்ணும் உடன் வந்தாள். எதிர்ப் பலகையில் ஒரு கனவான் தம் புதல்வனுடன் அமர்ந்திருந்தார். கல்லாறு தாண்டி வண்டி பல் சக்கரத்தின் உதவியால் மேலே ஏறத் தொடங்கியதும், கனவானின் பிரசங்கமும் ஏறத் தொடங்கிற்று. காட்டை அசுத்தப்படுத்துவது மகா பாவம் என்றும், நீலகிரி நம் தேசத்தின் பெருநிதி என்றும் அழகாகவே எடுத்துரைத்தார். பையன் பக்தியுடன் தலையாட்டினான். சிறிது நேரத்தில் பிஸ்கோத்துப் பொட்டலம் காலியாயிற்று. பேச்சு வேகத்தில் கனவான் அதன் உறையைக் கசக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தார். மறுகணமே பையனும் தன் கையிலிருந்த காலிப் புட்டியை அதே வழியாக அனுப்பி வைத்தான்.

நாம் மௌனமாயிருந்தோம். பிறர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டோம். நம் பெண் காதருகே வந்து, "தப்பைக் கண்டால் தைரியமாகச் சொல்ல வேண்டும் என்பீர்களே, அப்பா! நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள். நல்ல வேளையாக, அச்சமயம் வண்டி குகைக்குள் நுழைந்து எங்கும் இருளாயிற்று.

அந்தப் பாதையே ஒரு தந்தையையும் தனயனையும் நினைவூட்டுவது. குன்னூரை அடுத்த உபதலையைச் சேர்ந்த ராவ் பகதூர் பெள்ளி கௌடர், இப்பாதையின் நிர்மாண வேலையில் ஒப்பந்தக்காரராயிருந்தவர். அவர் குமாரர் ஆரி கௌடர் 1893-ல் பிறந்தார். ரயில் 1899-ல் குன்னூரையும், 1908-ல் உதகமண்டலத்தையும் எட்டியது. மலையைக் குடைந்து 16 குகைகளும், ஓடைகளின் மேல் சுமார் 250 பாலங்களும் உருவான காலமே அவருடைய பிள்ளைப் பிராயம். பலர் கை கூடினால் மலையும் வழிவிடும் என்பதை அவருக்கு யாரும் உபதேசிக்க வேண்டியிருந்திராது. படகர் சமூகத்தின் முதல் பட்டதாரியான அவர், பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையில் அங்கம் வகித்தார். 1935-ல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்கு நெடுங்காலம் தலைவராயிருந்து, உருளைக்கிழங்கு பயிரிட்ட குடியானவர்களுக்காகப் பாடுபட்டார். தந்தை ரயிலுக்குப் பாதை போட்டார். தனயன் குடியானவனின் மூட்டை சந்தைக்குப் போகப் பாதை போட்டார்.

அதே குன்னூருக்கு 1934-ல், ஹரிஜன யாத்திரையின்போது, மகாத்மா வந்து தங்கினார். ஊருக்கெல்லாம் உபதேசித்த அந்தப் பெரியார், அதற்கு இருபது வருஷங்களுக்கு முன்பே குழந்தைகளிடம் பாடம் கேட்டவர். தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க்குக்கு அருகில் 1910-ல் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வசித்தன. தமிழ்க் குழந்தைகளும் இருந்தார்கள். அந்தப் பெருங் குடும்பத்தில் தாம் தகப்பனார் ஸ்தானத்தில் இருப்பதாகக் காந்தியடிகள் கருதினார். உபாத்தியாயர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் ஏவக் கூடாது என்பது அங்கே விதி. குழி தோண்டினாலும் மரம் வெட்டினாலும் ஓர் உபாத்தியாயரும் கூட நின்று உழைப்பார். பொய் சொல்லும் உபாத்தியாயர் மெய்யைப் போதிக்க முடியாதென்றும், அக்குழந்தைகளின் பொருட்டாவது தாம் நேர்மையாக வாழ வேண்டியிருந்ததென்றும், ஆகவே அவர்களே தமக்கு ஆசான்களானார்களென்றும் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார்.

நம் பெண்ணின் கேள்விக்கு விடை இதில் இருந்தது. மலை ரயிலில் என்ஜின் பின்னால் நின்று வண்டியைத் தள்ளுகிறது. குழந்தைகளை அப்படித் தள்ள முடியாது. தகப்பனார் முன்னே நடந்தாக வேண்டும். நடக்கத் தெரியாவிட்டால், குழந்தையிடமே கற்றுக்கொண்டாவது நடக்க வேண்டும்.

குன்னூர் ஸ்டேஷனில் இறங்கியதும், அந்தக் கனவானை அணுகி, கூடியமட்டும் பணிவாகவே விஷயத்தைச் சொன்னோம். அவர் முகம் சிவந்தது. பதில் பேசாமல் போய்விட்டார். நமக்கும் நெஞ்சு படபடத்துக்கொண்டுதான் இருந்தது. நம் பெண் மட்டும் நம் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.