இரத்தக்கட்டிக்குள் ஒரு வலை

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த விரல்கள் திடீரென மடங்க மறுக்கும். வாய் ஒரு பக்கம் கோணும். பக்கத்து நிரையில் நிற்பவளைக் கூப்பிட வாயெடுத்தால் நாக்குக் குழறும். ‘வாதம் அடிச்சிருச்சு’ என்று பசறைத் தோட்டங்களில் சொல்வது இதைத்தான். லயத்துக்குத் தூக்கிப்போய் எண்ணெய் தேய்ப்பதிலேயே பல வீடுகளில் முதல் மணித்தியாலம் கழிந்துவிடுகிறது.

பாரிசவாதங்களில் பெரும்பாலானவை மூளைக்குப் போகும் நாடியை இரத்தக்கட்டி அடைப்பதால் வருபவை. ஆனால் கோளாறு தொடங்குவது நாடிச் சுவரில். பிரஷர், சீனி, புகையிலை எல்லாம் அதன் உள்ளுறையைக் கெடுக்க, கொழுப்பு படிகிறது. அதைத் தின்னவரும் வெண்குருதிக் கலங்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. வருடக்கணக்கில் புகையும் இந்த அழற்சி, படிவின் மேல்மூடியை அரித்து மெலிய வைக்கிறது. ஒருநாள் அது கிழியும். உடனே குருதிச் சிறுதட்டுகள் ஓடிவந்து ஒட்ட, பைபிரின் என்ற புரத இழைகள் அவற்றைப் பின்னிக் கட்டியாக்கும். கவ்வாத்துக் கத்தி பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே ஏற்பாடுதான், இடம்தான் தவறு. (மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்குக் கட்டி இதயத்திலிருந்தே கிளம்பி வரலாம்.)

இதில் எனக்கு மிக வியப்பானது நியூட்ரோபில் என்ற வெண்குருதிக் கலத்தின் வேலை. அது தன் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும் என்று பேர்லின் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். நோயாளிகளின் மூளை நாடியிலிருந்து இழுத்தெடுத்த கட்டிகளிலும் பிறகு அதே வலை அகப்பட்டது. பழைய கட்டிகளில் கூடுதலாக. கொங்கிரீட்டுக்குள் போட்ட கம்பி போல அது கட்டியை இறுக்குகிறது. கட்டி கரைக்கும் ஊசிமருந்து பைபிரினை வெட்டும், டி.என்.ஏ.வை வெட்டாது.

அந்த ஊசியை நாலரை மணித்தியாலத்துக்குள் போடச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இரத்தம் கிடைக்காத மூளையில் மூளும் அழற்சி, நுண்குழாய்ச் சுவர்களைக் கசியவிடுகிறது. பிந்திப் போட்டால் உள்ளே இரத்தம் பெருகும் ஆபத்து அதிகம். இரத்தக்கசிவால் வந்த வாதமா என்று முதலில் சி.டி. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். பசறைக்காரர் அதற்குப் போக வேண்டியது பதுளை பெரியாஸ்பத்திரிக்கு. மலைப்பாதையும் அந்த நாலரைக்குள் அடக்கம் என்பதால், எண்ணெய்ப் போத்தலைத் தேடுமுன் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுவதே புத்தி. வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவும் கூடாது. கசிவாக இருந்தால் அது இன்னும் கெடுக்கும்.

அழற்சியைத் தணித்தால் அடுத்த வாதத்தைத் தடுக்கலாமே? கவுட் நோய்க்குக் கொடுக்கும் கொல்கிசினைச் சீனாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2024இல் வந்த முடிவில் மூன்று மாதத்துக்குள் பலன் தெரியவில்லை. ஸ்கேனில் கசிவில்லை என்று உறுதியானபின் டொக்டர் எழுதித் தருவது இன்றும் பெரும்பாலும் பழைய அஸ்பிரின்தான். அது சிறுதட்டுகளை ஒட்டவிடாமல் வைக்கும், வலையை அறுக்காது.