விரைவுச் சிற்றுந்துக்கு எல்லாப் பருவ டயர்: வாங்குமுன் வாகனப் பத்திரத்தைப் பார்க்கவும்

ஒக்டோபர் பிறந்ததும் நகரின் டயர் கடைகளில், அதாவது கொம்மிஸ்தாக்களிடம், "குவாத்ரோ ஸ்தாஜோனி" எனப்படும் எல்லாப் பருவ டயர்களுக்கான விளம்பரங்கள் தொங்கத் தொடங்குகின்றன. ஒரே தொகுதி டயர்களை ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். கோடைக்கும் குளிருக்கும் மாற்றும் செலவு இல்லை. நெடுஞ்சாலையில் பொலிஸார் மறித்தாலும் கவலை இல்லை என்பன அவற்றின் வாக்குறுதிகள். சாதாரணக் குடும்பக் காருக்கு இவை பெரும்பாலும் உண்மையே. அபார்த் 595, சுசூக்கி சுவிஃப்ட் ஸ்போர்ட் போன்ற, உருவிற் சிறியவையும் வேகத்திற் பெரியவையுமான வாகனங்களுக்கோ இவ்வாக்குறுதிகளில் ஒரு பொறி உண்டு. அதனை அறியாது 4 டயர்களுக்குப் பணம் செலுத்தியவர், மே மாதத்தின் நடுவில் தமது வாகனம் சட்டத்துக்குப் புறம்பாக ஓடுவதைக் காண நேரலாம்.

பொறி எங்குள்ளது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். சுவிஃப்ட் ஸ்போர்ட் வாகனத்தின் பத்திரத்தில் (பழைய பெயர் லிப்ரெத்தோ, 2021 முதல் வழங்கப்படுவது தொக்குமென்தோ ஊனிக்கோ) டயரின் அளவு 195/45 ஆர் 17 81 டபிள்யூ என எழுதப்பட்டிருக்கும். 195 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தின் நூற்றுவீதமாக. 17 என்பது சில்லின் விட்டம், அங்குலத்தில். 81 என்பது சுமைக் குறியீடு; ஒரு டயர் 462 கிலோகிராம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். இறுதி எழுத்தான டபிள்யூ வேகக் குறியீடாகும். அது மணிக்கு 270 கிலோமீற்றரைக் குறிக்கிறது. வி என்றால் 240, எச் என்றால் 210, டி என்றால் 190, கியூ என்றால் 160.

இத்தாலிய நெடுஞ்சாலைகளில் உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு 130 கிலோமீற்றர்தானே, 240 வரை தாங்கும் டயர் போதாதா எனக் கேட்பது இயல்பு. சட்டம் அக்கேள்வியை ஏற்பதில்லை. வாகனம் எவ்வேகத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதோ அதற்கு ஈடான டயரையே அது கோருகிறது. சாரதி எவ்வேகத்தில் ஓட்ட எண்ணுகிறார் என்பது அங்கே பொருட்டன்று. இதற்கு ஒரேயொரு சலுகை உண்டு. பக்கச் சுவரில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற குறி பொறிக்கப்பட்ட டயர்கள், பத்திரத்திலுள்ளதைவிடக் குறைந்த வேகக் குறியீடு உடையவையாயினும், கியூவுக்குக் குறையாதிருப்பின், ஒக்டோபர் 15 முதல் மே 15 வரை பயன்படுத்தப்படலாம். அவ்வேளையில் அந்த டயருக்குரிய உயர்ந்தபட்ச வேகத்தைக் குறிக்கும் ஒட்டுவில்லை சாரதியின் கண்ணிற்படும் இடத்தில் இருத்தல் வேண்டும். போக்குவரத்து அமைச்சு 2014 ஜனவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை இதனைத் தெளிவுபடுத்தியது. மே 16 முதல் ஒக்டோபர் 14 வரை இச்சலுகை கிடையாது. எல்லாப் பருவ டயர்கள் அனைத்தும் எம்+எஸ் குறி தாங்கியவை. ஆகவே அவையும் இவ்விதிக்கு உட்பட்டவையே.

பத்திரத்தில் டபிள்யூ இருக்க, கடையில் வி குறியீடுள்ள எல்லாப் பருவ டயர் விற்கப்படுமாயின், அந்த டயர் உண்மையில் "எல்லாப் பருவ" டயர் அன்று. சட்டத்தின் பார்வையில் அது குளிர்கால டயரே. கோடையில் அதனோடு ஓடினால் வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்கீழ் தண்டப்பணம் விதிக்கப்படுவதுடன் வாகனப் பத்திரமும் மீளப்பெறப்படலாம். விற்பவர் இதனைச் சொல்லக் கடமைப்பட்டவர் என வாங்குபவர் நினைப்பார். வீதியிற் பொறுப்பு என்னவோ ஓட்டுபவருக்கும் உரிமையாளருக்கும்தான். அகலமும் உயரமும் சரியாக இருப்பதைப் பார்த்ததும் மனம் நிறைவடைந்துவிடுவது வழக்கம். கடைசி எழுத்தை வாசித்த பின்னரே பணப்பையைத் திறப்பது நன்று. சுமைக் குறியீடும் பத்திரத்திலுள்ளதற்குச் சமமாக அல்லது அதிகமாக இருத்தல் வேண்டும். அதற்கு எக்காலத்திலும் சலுகை இல்லை.

இனி, எல்லாப் பருவ டயர் பலெர்மோவில் அவசியந்தானா என்பது அடுத்த கேள்வி. குளிர்கால டயரின் இறப்பர்க் கலவை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இளக்கமாக இருக்கும்படி செய்யப்படுகிறது. கோடை டயர் அந்த வெப்பநிலைக்குக் கீழே இறுகிவிடும் என்பது உற்பத்தியாளர் பொதுவாகக் கூறும் அளவுகோல். பலெர்மோவின் கரையோரத்தில் ஜனவரி இரவுகளிற்கூட அவ்வளவு குளிர் நெடுநேரம் நிலைப்பதில்லை. மறுபுறம், 2023 ஜூலை 24ஆம் திகதி நகரின் வானியல் அவதானிப்பு நிலையம் 47 பாகையைப் பதிவுசெய்தது. அத்தகைய நாட்களிற் கொதிக்கும் தார் வீதியில், இளக்கமான கலவை விரைவாகத் தேய்வதோடு, உலர்ந்த தரையில் நிறுத்தும் தூரமும் நீள்கிறது. வளைவில் வாகனம் காட்டும் துல்லியம் சற்று மழுங்கும். விரைவுக் காரை அதன் கையாளுகைக்காகவே வாங்கியவர் முதலில் உணர்வது இதுவே.

இந்நகரின் உண்மையான அபாயம் பனியன்று, மழையே. கோடை முழுவதும் எண்ணெயும் சிரொக்கோ காற்றுக் கொணரும் தூசியும் வீதியிற் படிகின்றன; செப்டெம்பரின் முதல் மழை அவற்றைச் சவர்க்காரம்போல் ஆக்கிவிடும். பழைய நகரின் வீதிகளிற் பதிக்கப்பட்ட பில்லியேமிக் கற்கள் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழுவழுப்பானவை; ஈரத்தில் அவற்றின்மேல் எந்த டயரும் தடுமாறும். புனித ரொசாலியாவின் திருத்தலத்துக்கு மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறும் வியா பொனான்னோவின் கொண்டையூசி வளைவுகளும் மரநிழலில் நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். மதங் கடந்து தமிழ்க் குடும்பங்கள் ஞாயிறு காலைகளில் ஏறும் அவ்வழியைப் பலரும் அறிவர். அப்புனிதையின் திருநாளான 2020 ஜூலை 15ஆம் திகதி பெய்த பெருமழையில் வியாலே ரெஜோனே சிசிலியானாவின் சுரங்கப்பாதைகள் நீரில் மூழ்கி, வாகனங்கள் மிதந்ததையும் நகரம் மறக்கவில்லை. (அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது, வாகனத்தை விட்டு வெளியேறுவதே வழி.)

ஆகவே, டயரை எடைபோடும்போது முதலிற் பார்க்கவேண்டியது ஈரப்பிடிப்பு. 2021 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு டயரும் புதிய விபரத்தாளுடன் வரவேண்டும். எரிபொருட் சிக்கனமும் ஈரப்பிடிப்பும் அதில் ஏ முதல் ஈ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். வெளிச்சத்தம் டெசிபெலிற் காட்டப்படும். கடும்பனிக்குத் தகுதியுடைய டயருக்கு மூன்று சிகர மலையினுள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கும். மழைத்துளி வரைந்த மேகத்தின் அருகிலுள்ள எழுத்தே ஈரப்பிடிப்பைக் குறிப்பது. விரைவுக் காருக்கு அது ஏ அல்லது பி ஆக இருத்தல் நன்று. எரிபொருளில் ஒரு படி மேலான டயருக்காக ஈரப்பிடிப்பில் ஒரு படி இறங்குவது இந்நகரில் அறிவுடைமையன்று.

கரையோரத்தை விட்டு அரிதாகவே செல்லும் ஒருவருக்கு, ஈரப்பிடிப்பில் உயர்தரமான கோடை டயரே ஆண்டு முழுவதும் போதும். அதில் நாணப்பட எதுவுமில்லை; சட்டமும் அதனைத் தடுக்கவில்லை. மலைப்பக்கம் செல்பவரின் நிலை வேறு. வேலை நிமித்தம் என்னாவுக்கோ கல்தனிசெத்தாவுக்கோ பயணிப்போரும், பிள்ளைகளுக்குப் பனி காட்ட ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ள பியானோ பத்தாலியாவுக்குச் செல்வோரும், நவம்பர் 15 முதல் ஏப்பிரல் 15 வரை குளிர்கால டயரை அல்லது பெட்டியிற் சங்கிலியைக் கட்டாயமாக்கும் பலகைகளைக் காண்பர். இக்கட்டாயம் நாடு முழுவதற்குமானதன்று. வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்தின் உத்தரவால் அந்தந்தப் பகுதிக்கு விதிக்கப்படுவது. பலகை நிற்கும் இடத்தில் விதி பொருந்தும். வானம் தெளிவாக இருப்பினும் பொருந்தும். நகருக்கு வெளியே மீறினால் தண்டப்பணம் 87 முதல் 344 யூரோ வரை. தகுந்த சாதனம் கிடைக்கும்வரை பயணத்தைத் தொடரவேண்டாமெனப் பொலிஸார் கட்டளையிடவும் முடியும்.

"காத்தேனே அ போர்தோ", அதாவது வாகனத்திற் சங்கிலி வைத்திருத்தல், மலிவான வழிபோலத் தோன்றும். சிறிய விரைவுக் காரில் இங்கேதான் மற்றொரு இடர் எழுகிறது. அகன்ற டயருக்கும் உள்ளிருக்கும் தடுப்புக்கருவி, அதிர்வுதாங்கி ஆகியவற்றுக்கும் இடையே சங்கிலி புகும் இடமே இராது. உற்பத்தியாளரின் கைந்நூலில் அவ்வளவுக்கு "நோன் காத்தேனாபிலே" (சங்கிலி பூட்டலாகாது) என எழுதப்பட்டிருக்கக்கூடும். 205/40 ஆர் 17 போன்ற தாழ்ந்த பக்கச் சுவருள்ள அளவுகளில் இதனைக் குறிப்பாகச் சரிபார்த்தல் வேண்டும். பூட்ட முடியாத சங்கிலியைப் பெட்டியில் வைத்திருப்பது பணத்தையும் இடத்தையும் வீணாக்குவதே. அந்நிலையில் இரு வழிகள் எஞ்சும்: பத்திரத்திலுள்ள முழு வேகக் குறியீட்டையும் கொண்ட எல்லாப் பருவ டயர், அல்லது பத்திரம் அனுமதிக்கும் சிறிய விட்டச் சில்லுகளிற் பூட்டிய தனிக் குளிர்காலத் தொகுதி. இரண்டாவது தொடக்கத்திற் செலவு கூடியது. ஆயினும் கோடை டயர் அரை ஆண்டு ஓய்வெடுப்பதால் இரண்டும் நீண்டகாலம் உழைக்கும். வாகனத்தின் சுவையைக் கெடுக்க விரும்பாதவருக்கு அதுவே தகும். வைக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டாருக்கு முதலாவது வழி.

டயர் மாற்றுவதோடு சில்லின் அளவையும் பெரிதாக்கும்படி இளைஞர் கேட்பதுண்டு. பத்திரத்தில் இல்லாத அளவைப் பூட்டினால் வாகனம் ரெவிசியோனே பரிசோதனையில் (முதற் பதிவின் பின் 4 ஆண்டுகளில், அதன்பின் 2 ஆண்டுகளுக்கொருமுறை) தேறாது. அதைவிடக் கனமானது காப்புறுதி. விபத்தில் மற்றவருக்கு நேர்ந்த இழப்பைக் காப்புறுதி நிறுவனம் கொடுத்தே ஆகவேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருப்பின், கொடுத்த தொகையை வாகன உரிமையாளரிடமிருந்து மீளக் கோரும் உரிமையைத் தனியார் காப்புறுதிச் சட்டக்கோவையின் 144ஆம் பிரிவு அதற்கு வழங்குகிறது. ரிவால்சா எனப்படும் இவ்வுரிமை ஒப்பந்தத்தின் எந்தப் பந்தியில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என வாசிப்பது, ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் காக்கக்கூடும்.

வெளிநாட்டு உறவினரிடம் காரிற் செல்வோர் இன்னொன்றையும் நோக்கவேண்டும். இத்தாலியில் எம்+எஸ் குறி மட்டுமே போதுமானது. ஜெர்மனியில் 2024 ஒக்டோபர் 1 முதல் குளிர்கால வீதிநிலைக்கு மூன்று சிகரப் பனித்துகள் சின்னம் கட்டாயம். எம்+எஸ் மட்டும் உள்ளவை செல்லா. பிரான்சின் குறிக்கப்பட்ட மலைப்பிரதேசங்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அதே சின்னம் அல்லது சங்கிலி வேண்டும். ஒஸ்திரியாவிற் குளிர்கால டயரின் பள்ளம் 4 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. நத்தாருக்கு டோர்ட்முண்டுக்குப் புறப்படும் குடும்பம், பலெர்மோவிற் செல்லுபடியாகும் டயரோடு எல்லை கடந்தபின் தண்டம் கட்ட நேராதிருக்க, வாங்கும்போதே சின்னமுள்ளதைக் கேட்டுப் பெறுதல் நன்று. விலை வேறுபாடு பொதுவாகச் சிறிது.

கடையில் டயரின் வயதையும் பார்க்கவேண்டும். பக்கச் சுவரிலுள்ள நீண்ட எண்ணின் கடைசி 4 இலக்கங்களே அதன் பிறப்புச் சான்று: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பயன்படுத்திய டயரை வாங்குவோருக்கு இது இன்னும் முக்கியம். பள்ளம் ஆழமாக இருந்தும் இறப்பர் வெடித்துப்போன டயர்கள் மலிவாக விற்கப்படுகின்றன. சட்டம் கோரும் ஆகக் குறைந்த பள்ளம் 1.6 மில்லிமீற்றர். மழையில் 3 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கிய டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் என்பதால் அவ்வளவிலேயே மாற்றுவது நன்று. 1 யூரோ நாணயத்தின் பொன்னிற விளிம்பு ஏறத்தாழ அந்த அகலமே. அதனைப் பள்ளத்தில் நிறுத்தினால் விளிம்பு முழுவதும் மறையவேண்டும்.

ஒரே அச்சிலுள்ள இரண்டும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். இரண்டு மட்டுமே புதிதாக வாங்குவோர், வாகனம் முன்சில்லால் இயங்குவதாயினும், புதியவற்றைப் பின்னச்சிற் பூட்டவேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சாரதி சமாளிக்கலாம். ஈரவளைவிற் பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். கடையிற் பலர் முன்னுக்குப் பூட்டும்படி கேட்பர்; கொம்மிஸ்தா மறுத்தால் அவர் சொல்வதே சரி.

பற்றுச்சீட்டைப் பெற்று வைத்திருத்தல் வேண்டும். புதிய டயருக்குச் சட்டப்படி 2 ஆண்டு உத்தரவாதம் உண்டு; முதல் ஆண்டில் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இணையத்தில் வாங்கியதைப் பொருத்துவதற்கு முன் 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம். பழைய டயர்களை வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. அவற்றை மீள்சுழற்சி செய்வதற்கான சுற்றாடற் கட்டணம் புதிய டயரின் விலையோடு ஏற்கெனவே அறவிடப்பட்டுவிட்டது. அதனால், மாற்றிய டயர்களை ஏற்பதற்குக் கடைக்காரர் தனிப்பணம் கேட்பின் மறுக்கலாம். அவற்றைக் குப்பைத்தொட்டியின் அருகிலோ மலையடிவாரத்திலோ விட்டுச் செல்வது சட்டப்படி குற்றம்.