இதயத்துக்கு ஒரு கரிக் கதவு!

விரலில் கத்தி பட்டால் இரத்தம் கொட்டுகிறது. சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. உயிரைக் காக்கும் குணம் அது. அதே குணம் எமனாவதும் உண்டு!

நம் இதயத்தில் நான்கு கதவுகள் இருக்கின்றன. இவற்றுக்கு 'வால்வு' என்று பெயர். இரத்தம் பின்னால் திரும்பாமல் இவை தடுக்கின்றன.

1960-ல் அமெரிக்க டாக்டர் ஆல்பர்ட் ஸ்டார், கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வைப் பொருத்தினார். அது உலோகக் கூண்டுக்குள் ஒரு பந்து. நோயாளி பிழைத்தார்.

ஆனால் ஒரு தொல்லை. உலோகத்தில் பட்ட இரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்!

வழி எங்கே பிறந்தது தெரியுமா? அணு ஆராய்ச்சியில்!

சான் டியாகோ நகரில் ஜாக் போக்ராஸ் என்ற விஞ்ஞானி, அணு உலை எரிபொருள் மணிகளுக்குக் கரிப் பூச்சு தயாரித்து வந்தார். கரியும் ஹெபாரின் மருந்தும் பூசிய பொருளில் இரத்தம் எளிதில் உறைவதில்லை என்று டாக்டர் வின்சென்ட் காட் 1963-ல் எழுதியிருந்தார். போக்ராஸ் அவருடன் சேர்ந்தார். வழுவழுப்பான, உறுதியான கரி வால்வு பிறந்தது. அடுப்புக்கரிக்கு இது உறவுதான்!

இன்றும் பெரும்பாலான இயந்திர வகைச் செயற்கை வால்வுகளின் இதழ்கள் இந்தக் கரியால் ஆனவையே. ஆனாலும் இரத்தம் முழுதும் ஏமாறுவதில்லை. இந்த வால்வு பொருத்திக்கொண்டவர்கள், இரத்தம் உறையாமலிருக்க டாக்டர் கொடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். "உடம்பு தேறிவிட்டதே" என்று தாமாக நிறுத்தவே கூடாது!