வானத்திலும் ஆடிக் காற்று!

பரமத்தி வேலூர் வாழைத் தோட்டக்காரர்களுக்கு ஆடிக் காற்று என்றாலே அச்சம். தார் பாரத்தோடு நிற்கும் வாழையை அது சாய்த்துவிடும்.

இதைவிடப் பயங்கரமான காற்று வானத்தில் வீசுகிறது. நட்சத்திர மண்டலங்களையே அது மொட்டை அடித்துவிடுகிறது!

கன்னி ராசியில்...

சித்திரை மாதத்து இரவில் காவிரிக் கரையில் நின்று அண்ணாந்து பாருங்கள். கன்னி ராசி உச்சிக்கு ஏறும். அந்தத் திசையில், சுமார் 5 கோடியே 40 லட்சம் ஒளி ஆண்டு தூரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் ஒரே கூட்டமாக இருக்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இக்கூட்டத்தில் குள்ள மண்டலங்களே அதிகம். அவற்றில் பெரும்பாலானவை முட்டை வடிவமானவை. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் கிழ நட்சத்திரங்கள். புதியவை பிறப்பது அபூர்வம்.

ஆனால், தனியாக இருக்கும் குள்ள மண்டலங்களில் இன்றும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. ஏன் இந்த வித்தியாசம்?

துண்டு பறக்கும்!

காற்றே இல்லாத நாளில் காவிரிப் பாலத்தின் மேல் வேகமாகச் சைக்கிள் விடுங்கள். முகத்தில் காற்று அடிக்கும். தோளில் கிடக்கும் துண்டு பறக்கும். அந்தக் காற்று எப்படி வந்தது? உங்கள் வேகத்தால் வந்தது!

வானத்திலும் அப்படியே. மண்டலக் கூட்டத்தின் நடுவே, கோடிக்கணக்கான டிகிரி உஷ்ணமுள்ள வாயு பரவியிருக்கிறது. வெளியிலிருந்து வரும் குள்ள மண்டலம் அதற்குள் விநாடிக்குச் சுமார் 1,000 கிலோ மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எதிர்க் காற்று அதன் சொந்த வாயுவைப் பிடுங்கிவிடுகிறது.

வாயுதான் நட்சத்திரங்களுக்கு விதை நெல். விதை நெல் போனால் விளைச்சல் ஏது? கன், காட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1972-ல் இதை விளக்கினார்கள்.

தொல்லை இதோடு தீரவில்லை. பக்கத்தில் பாய்ந்து போகும் பெரிய மண்டலங்கள் குள்ள மண்டலத்தைப் பிடித்து இழுக்கின்றன. தட்டுப் போல் இருந்தது, நாளடைவில் உப்பி முட்டையாகிறது.

சாட்சி உண்டா?

உண்டு. கன்னிக் கூட்டத்தில் ஐ.சி. 3328 என்று ஒரு குள்ள மண்டலம். முட்டை வடிவம் என்றே அதை நினைத்திருந்தார்கள். 2000-ம் ஆண்டில் கூர்ந்து பார்த்தபோது, உள்ளே சுருள் கைகள் மங்கலாக ஒளிந்திருந்தன. தட்டு மண்டலத்துக்கு உரிய அடையாளம் அது!

நம் நாட்டின் பங்கும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2015-ல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், வேறொரு கூட்டத்தில் விழும் ஜே.ஓ. 201 என்ற பெரிய மண்டலத்தைப் படம் பிடித்தது. பிடுங்கப்பட்ட வாயு, சொறி மீனின் விழுதுகள் போல வாலாகப் பின்னால் நீண்டு கிடக்கிறது. அந்த வாலில் இளம் நட்சத்திரங்கள் பளிச்சிட்டதை 2018-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.

குள்ள முட்டைகள் எல்லாமே இப்படி உருமாறியவைதானா, சில பிறவியிலேயே அப்படியா என்ற ஆராய்ச்சி நடக்கிறது. தனியே இருந்தால் விளைந்துகொண்டிருக்கும் மண்டலம், கூட்டத்தில் விழுந்தால் தரிசாகிவிடுகிறது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.