தோள்பட்டை வலிக்கு ஒரு டென்னிஸ் பந்து



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் சகோதர சகோதரிகள் சிலரின் பையில், மருத்துவர் எழுதித் தராத மாத்திரைகளும் இருக்கும். "மெடிக்கல்ல ஒரு செட் வாங்கிப் போட்டாத்தான் அன்னைக்கு வேலை ஓடுது" என்பார்கள். என்ன வலி என்று கேட்டால், பெரும்பாலும் கை போவது மேல்முதுகுக்கும் தோள்பட்டைக்கும்தான்.

வெள்ளகோவில் பகுதியில் இது வியப்பல்ல. ஒரு வீட்டில் விசைத்தறி ஓடும். அடுத்த வீட்டுப் பிள்ளை பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு வீட்டில் பெண்கள் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பார்கள். வேலை வேறு வேறானாலும் உடம்பு இருக்கும் நிலை ஒன்றுதான்: தலை குனிந்து, தோள் உயர்ந்து, கைகள் முன்னால் நீண்டபடி ஒன்றரை ஷிப்ட்.

5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் ஒரு நிமிடம் தாங்காது. நம் தலையின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். நிமிர்ந்திருக்கும்போது அதை முதுகெலும்பு தாங்குகிறது. குனிந்துவிட்டால் பிடரியிலிருந்து தோள் வரைக்கும் நடுமுதுகு வரைக்கும் விரிந்திருக்கும் தசை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஓய்வில்லாமல் இறுகியே இருக்கும் தசையில் இரத்த ஓட்டம் குறைகிறது. சில இடங்களில் தொட்டால் சுண்டைக்காய் போல் உருளும் முடிச்சுகள் தட்டுப்படும். அவற்றை அழுத்தினால் வலி அங்கேயே நிற்காமல் நெற்றிப்பொட்டு வரை போவதும் உண்டு. பலர் தலைவலி என்று நினைப்பது தோளில் தொடங்கியதாக இருக்கலாம்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்த, பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்து ஒன்று போதும். பிறர் உதவி வேண்டாம். வீட்டுக்குள்ளேயே, மெல்லிய உடைக்கு மேலேயே செய்துகொள்ளலாம்.

பந்தைப் பழைய காலுறை ஒன்றுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சுவருக்கு முதுகு காட்டி நின்று, காலுறையின் நுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டால் பந்து கீழே நழுவாது. முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவே உள்ள சதையில் பந்து இருக்க வேண்டும். பாதங்களை ஓர் அடி முன்னால் வைத்து, மெல்லச் சாய்ந்து, முழங்காலை மடக்கி நீட்டினால் பந்து மேலும் கீழும் உருளும். வலிக்கும் இடம் கிடைத்ததும் அங்கேயே 20 முதல் 30 விநாடி நில்லுங்கள். மூச்சை நிதானமாக விடுங்கள். 'வலிக்கிறது, ஆனால் இதமாக இருக்கிறது' என்பதுதான் சரியான அழுத்தம். மூச்சை அடக்கிப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தால் அது அதிகம். சற்று முன்னால் வந்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் போதும். முடித்ததும் இரு தோள்களையும் பின்பக்கமாகப் பத்து முறை சுழற்றுங்கள்.

முதுகெலும்பின் மேலும் கழுத்தின் முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் பந்தை வைக்கக் கூடாது. கார்க் பந்தும் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர், எலும்பு மெலிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யவும்.

பந்து தருவது தற்காலிக நிவாரணம்தான். மறுநாளும் அதே குனிந்த நிலையில் உட்கார்ந்தால் வலி திரும்பிவிடும். முழங்கை மிஷின் மேசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அரை மணிக்கொருமுறை, நூல்கண்டு மாற்றும் நேரத்திலாவது, நிமிர்ந்து தோளைச் சுழற்றுங்கள். பிசிறு வெட்டுவோர் துணியை மடியில் வைத்துக் குனியாமல், தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நாள்தோறும் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் கெடும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

இனி, பந்தை எடுக்கவே கூடாத வலிகள். தக்பீருக்குக் கை உயர்த்த முடியவில்லை, சட்டை மாட்டக் கை பின்னால் போகவில்லை என்றால் அது தோள் மூட்டு இறுகியதாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம். இதற்கு இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடக்க இயலாத முதியோருக்கு, 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கை மரத்துப்போவது, பிடி தளர்வது, காய்ச்சலோடு வரும் வலி, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரிடமே செல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: இடது தோளிலோ தாடையிலோ மேல்முதுகிலோ திடீரென வலி வந்து, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வருவதுண்டு. 'வாயுப் பிடிப்பு' என்று வெந்நீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ் முதலுதவி மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்.

உடம்பு அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். குடும்பத்துக்காக உழைக்கும் தோள்களுக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். இன்று இஷா தொழுதுவிட்டு வந்ததும், பிள்ளைகளிடம் அந்தப் பந்தைக் கேட்டு வாங்குங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.