நெஞ்சில் சிக்கும் அரிவாள்

அரிவாள் செல் நோய் ரத்தத்தில் தோன்றினாலும், அது உயிருக்கு உலைவைக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று நுரையீரல். ஆக்சிஜன் குறையும்போது இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. வட்டமான சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடுகிறது. சாதாரணமாக 120 நாள் வாழும் அணு, 10 முதல் 20 நாளிலேயே சிதைகிறது.

உடலைச் சுற்றி ஆக்சிஜனை இழந்த ரத்தம் போய்ச் சேருமிடம் நுரையீரல். அங்குள்ள நுண்குழாய்களில் விறைத்த அணுக்கள் அடைத்துக்கொண்டால் 'அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம்' உண்டாகிறது. காய்ச்சல், இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். எக்ஸ்ரேயில் நுரையீரலில் புதிதாக வெண்படலம் தெரியும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிருமித்தொற்றே இதைத் தூண்டுகிறது. பெரியவர்களுக்கு, சிதைந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பும் கொழுப்புத் துணுக்குகளும் காரணமாகலாம். அதனால்தான் கைகால் எலும்பு வலிக்கென்று மருத்துவமனையில் சேர்ந்த சிலருக்கு இரண்டு மூன்று நாளில் மூச்சு முட்டத் தொடங்குகிறது.

வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டாலும் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, ஆபத்து கூடும். இதைத் தடுக்க, மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பார்கள். அதன் குழாயை வாயில் வைத்து, பந்துகள் மேலெழும்படி மூச்சை இழுக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொருமுறை பத்து மூச்சு இழுப்பது வழக்கம். அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம் வந்துவிட்டால் ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றுதல் ஆகியவை சிகிச்சை. நிலைமை மோசமானால் நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிட்டு மாற்று ரத்தம் செலுத்துவார்கள்.

இன்னொரு சிக்கல் ஓசையின்றி வளர்கிறது. சிதைந்த அணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின், ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகிறது. படியேறும்போது மூச்சு வாங்குவதே இதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

தினமும் உட்கொள்ளும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை, அக்யூட் செஸ்ட் சிண்ட்ரோம் வரும் தடவைகளைப் பாதியாகக் குறைப்பதை 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நிமோனியாத் தடுப்பூசியும் அவசியம்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் நோய்க்கான மரபணு இருப்பது 1952இலேயே பதிவானது. 2047க்குள் நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023இல் தொடங்கியது. இந்நோய் உள்ளவருக்குக் காய்ச்சலோடு நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.